வயதான பூனைக்குத் திடீரென்று பின்னங்கால்கள் விழுந்துவிட்டால்: முதலில் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

நேற்று ராத்திரி வரை கட்டிலில் ஏறிப் படுத்த 13 வயதுப் பூனை, விடியற்காலையில் இடுப்புக்குக் கீழே மொத்தத்தையும் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது, டாக்டர் வலிக்கு ஊசி போட்டுவிட்டு ஸ்கேனுக்கு நாளை வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை என்ன செய்வது, இனி நடக்குமா, கருணைக்கொலைதான் நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஒரே விஷயத்தைப் பொறுத்தது. கால்களுக்கு ரத்தம் போகவில்லையா, அல்லது ரத்தம் போகிறது, நரம்புதான் வேலை செய்யவில்லையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். செய்ய வேண்டியதும், எதிர்பார்க்கக்கூடியதும், அவசரமும் முற்றிலும் வேறு.

அதனால் மேலே படிப்பதற்கு முன் எழுந்து போய் அதன் பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். முன்னங்கால் பாதத்தை ஒரு கையிலும் பின்னங்கால் பாதத்தை இன்னொரு கையிலும் பிடித்தால் சூட்டில் வித்தியாசம் உடனே தெரியும். பின்பாதம் சில்லென்று இருக்கிறதா? அடியில் உள்ள மெத்தென்ற சதை முன்னால் ரோஸ் நிறமாகவும் பின்னால் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? (அந்தச் சதை கறுப்பாக உள்ள பூனை என்றால் நிறத்தை விட்டுவிட்டு நகத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள், குளிர்ச்சியை நம்புங்கள்.) கெண்டைச்சதை கட்டைபோல் இறுகியிருக்கிறதா? கால் விழுந்த நேரத்தில் வீடே அதிரும்படி கத்தியதா? வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே டாக்டரைக் கூப்பிட்டு "பின்னங்கால் குளிர்ந்திருக்கிறது, நாடி இருக்கிறதா பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள், அவர் கிடைக்கவில்லை என்றால் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினால் அது ஒன்றே போதும், கிளம்பிவிடுங்கள்.

வயதான பூனைக்கு இரண்டு பின்னங்காலும் ஒரே நொடியில் விழுந்தது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தக்கட்டி. பெரும்பாலும் இதன் வேர் இதயத்தில் இருக்கும். பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் சாதாரணமாக வரக்கூடியது. அது முற்றும்போது இதயத்தின் இடது மேலறை பெருத்துப்போய் ரத்தம் அங்கே தேங்கி உறைய ஆரம்பிக்கும். அந்தக் கட்டி ஒரு நாள் பிய்த்துக்கொண்டு பெருந்தமனி வழியாக ஓடி, இரண்டு கால்களுக்கும் குழாய் பிரியும் இடத்தில் வந்து, குதிரை முதுகில் சேணம் போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். குழாய் அடைபடுவதோடு முடிந்தால்கூடப் பக்கவாட்டுச் சின்னக் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் போகும், ஆனால் உறைந்த ரத்தம் விடும் ரசாயனங்கள் அந்தச் சின்னக் குழாய்களையும் சுருக்கிவிடுகின்றன. அதனால்தான் கால் அவ்வளவு வேகமாகச் சாகிறது, அதனால்தான் வலி அவ்வளவு கொடூரமாக இருக்கிறது. இதயநோய் இருந்ததற்கு இதுவே முதல் அறிகுறியாக இருப்பது மிகச் சாதாரணம். போன மாதம் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் உள்ளே இது இருந்திருக்கலாம். நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இந்த நிலையில் இரண்டு பூனைகளை நானே வைத்துப் பார்த்திருக்கிறேன், காப்பகத்தில் உதவிய வருடங்களில் இன்னும் சிலவற்றை. முதல் பூனை ஒரு 12 வயது ஆண், சாயங்காலம் ஒரே அலறலோடு விழுந்தான். அலமாரியிலிருந்து குதித்து அடிபட்டுக்கொண்டான் என்று நினைத்து, கால் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பையை வைத்து அரைமணி நேரம் தேய்த்துவிட்டேன். இரண்டுமே செய்யக்கூடாதவை என்று அப்புறம்தான் தெரிந்தது. உணர்ச்சி இல்லாத கால் சூடு தாங்காமல் வெந்துபோனாலும் பூனை இழுத்துக்கொள்ளாது, தேய்ப்பதால் கட்டி கரையாது, ஏற்கெனவே நசிந்துகொண்டிருக்கும் தசைக்கு இன்னும் சேதம்தான். உடம்பு முழுக்கக் குளிர்ந்திருந்தால் ஒரு போர்வையைப் போர்த்தி, இருட்டான அமைதியான அறையில் வைத்து, டாக்டரிடம் கொண்டுபோவது மட்டுமே நம் வேலை. அவன் இரண்டாம் நாள் போய்விட்டான். தேய்க்காமல் இருந்திருந்தாலும் போயிருப்பான் என்றுதான் டாக்டர் சொன்னார், ஆனால் அந்த அரைமணி நேரம் அவனுக்கு வலி மருந்து கிடைத்திருக்கும்.

வலி மருந்து என்றதும் ஒன்று. மனிதர்களுக்கான எந்த மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும், அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதே வரிசை. ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்குமாமே என்று யாராவது சொல்வார்கள். பூனையின் உடம்பை விட்டு ஒரு வேளை ஆஸ்பிரின் வெளியேறவே நாள்கணக்கில் ஆகும், நாம் கணக்குப் போடும் மருந்து அல்ல அது. ரத்தக்கட்டி வலிக்கு வேண்டியது மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்த ஊசி, மெத்தடோன், ஃபென்டனில் போன்றவை, குறைந்தபட்சம் புப்ரெனார்ஃபின். உங்கள் டாக்டர் போட்டது எது, எத்தனை மணி நேரம் தாங்கும், தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூனை சத்தம் போடவில்லை என்பதால் வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, காதைப் பக்கவாட்டில் சாய்த்து, மூலையைப் பார்த்துக் குந்திக்கொண்டிருந்தால் அது வலி. சில பூனைகள் வலியிலும் குறுகுறுவென்று சத்தம் கொடுக்கும்.

ரத்தக்கட்டிதான் என்று உறுதியானால் எண்களை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு காலும் விழுந்து, சிகிச்சை கொடுத்துப் பார்த்த பூனைகளில் வீடு திரும்புவது ஏறத்தாழ மூன்றில் ஒன்று, நல்ல பராமரிப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒரு கால் மட்டும் விழுந்திருந்தாலோ, இரண்டிலும் கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தாலோ வாய்ப்பு நன்றாகவே கூடும். ஆசனவாய் வெப்பநிலை முக்கியமான அளவுகோல். ஒரு பூனைக்குச் சாதாரணமாக 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இருக்கும், வந்து சேரும்போது 37.2 இருந்த பூனைகளுக்குப் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதற்குக் கீழே இறங்க இறங்க வாய்ப்பும் இறங்கும். நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியது. முதல் மூன்று நாள்தான் கண்டம். அடைப்பு விலகி ரத்தம் திரும்பப் பாயும்போது நசிந்த தசையில் தேங்கிய பொட்டாசியம் ஒரேயடியாக இதயத்துக்குப் போய் அதை நிறுத்திவிடக்கூடும். கால் சூடாகிறதே என்று நாம் சந்தோஷப்படும் நேரமும் அந்த ஆபத்து நேரமும் ஒன்றாகவே இருக்கும். அதனால் டாக்டர் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளச் சொன்னால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டே என்று படித்திருப்பீர்கள். மனிதர்களுக்குக் கொடுக்கும் அந்த ஊசிகளால் பூனைகளுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை, பெரும்பாலான டாக்டர்கள் கொடுப்பதில்லை.

பிழைத்தவற்றுக்கு அடுத்த கட்டி வராமல் தடுப்பதுதான் வேலை. 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருமுறை கட்டி வந்து பிழைத்த 75 பூனைகளுக்குப் ஏறத்தாழப் பாதிக்கு ஆஸ்பிரினும் மீதிக்கு ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரல் என்ற மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த கட்டி வரும் வரை கிடைத்த காலத்தின் இடைநிலை அளவு (median) ஆஸ்பிரினில் 192 நாள், குளோபிடோகிரலில் 443 நாள். அதனால் இப்போது பொதுவாக எழுதிக் கொடுப்பது குளோபிடோகிரல், 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, நாளுக்கு ஒருமுறை. சிலர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்ஸபான் என்ற மருந்தையும் சேர்ப்பார்கள். குளோபிடோகிரல் படுகசப்பு, நாக்கில் பட்டால் நுரை தள்ளும், அடுத்த நாள் உங்களைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும். காலியான ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குள் போட்டு, கேப்ஸ்யூலின் வெளிப்புறத்தில் தூள் ஒட்டாமல் துடைத்து, கொஞ்சம் வெண்ணெய் தடவிக் கொடுத்து, பின்னாலேயே சிரிஞ்சில் சிறிது தண்ணீர் விடுங்கள்.

சரி, பாதம் சூடாக இருக்கிறது, ரோஸ் நிறமாக இருக்கிறது, நாடி இருக்கிறது என்று டாக்டரும் சொன்னால்? அப்போது பார்க்க வேண்டியது தண்டுவடம், நரம்பு, தசை. இங்கே பட்டியல் நீளம், சிலதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். தண்டுவடத்துக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய் அடைபட்டால் கால் திடீரென்று விழும், ஆனால் ஆரம்பத்துக்குப் பிறகு வலி இருக்காது, ஒரு நாளுக்கு மேல் மோசமாகிக்கொண்டும் போகாது. வயதான பூனைக்கு இதன் பின்னால் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், 160-க்கு மேல் நின்றால் மருந்து தேவைப்படலாம், 180-க்கு மேல் என்றால் கண்ணும் போய்விடும் அபாயம். விழுந்து அடிபட்டது, முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு பிதுங்கியது, தண்டுவடத்தை அழுத்தும் சதைக்கட்டி, குறிப்பாக லிம்ஃபோமா என்ற புற்றுநோய், இவற்றுக்கு முதுகைத் தொட்டால் வலிக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், தண்டுவடம் தெரிய எம்ஆர்ஐ வேண்டும். அப்புறம், சரிசெய்யக்கூடியவை இரண்டு. பொட்டாசியம் குறைந்துபோன பூனைக்குக் கால் தளர்வதோடு தலையும் தூக்க முடியாமல் தொங்கும். சர்க்கரை உள்ள பூனை குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கும், அது ஒரே நாளில் வருவதில்லை, வாரக்கணக்கில் வரும். இன்சுலின் போடும் பூனை திடீரென்று துவண்டு விழுந்தால் மட்டும் ஈறில் சர்க்கரைப் பாகையோ தேனையோ தடவிவிட்டு ஓடுங்கள், அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். ஒரு குழாய் ரத்தத்தில் பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்துவிடலாம், எம்ஆர்ஐ-க்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

நரம்புப் பிரச்சினையில் டாக்டர் ஒன்று செய்வார், பார்க்கக் கஷ்டமாக இருக்கும்: விரலைக் கிடுக்கியால் அழுத்துவார். கால் அனிச்சையாக மடங்குவது கணக்கில்லை, பூனை தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதுதான் கணக்கு. ஆழமான வலி உணர்வு இருந்தால் கால் திரும்ப வர நல்ல வாய்ப்பு உண்டு. அது அறவே இல்லை என்றால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இந்த ஒரு சோதனையின் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வீட்டில். நான் சொல்லப்போவதில் மிக முக்கியமானது மூத்திரம். பின்னங்காலைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறோம், ஆனால் தண்டுவடம் அடிபட்ட பூனையை வீட்டில் கொல்வது நிரம்பிய மூத்திரப்பையும் அதில் வரும் தொற்றும்தான். படுத்த இடம் ஈரமாக இருக்கிறது, அதனால் போகிறது என்று நினைக்காதீர்கள். பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும். பின்னங்காலுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், எலுமிச்சை அளவில் வழவழவென்று உருண்டையாகக் கைக்கு வந்தால் அது நிரம்பியிருக்கிறது. 12 மணி நேரமாக மூத்திரமே வரவில்லை என்றால் அது தனி அவசரம், அதுவும் ஆண் பூனை என்றால் குழாய் அடைபட்டிருக்கலாம், அப்போது அழுத்தவே கூடாது.

பையை அழுத்தி வெளியேற்றுவதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, டாக்டரின் கை மேல் உங்கள் கையை வைத்து இரண்டு தடவையாவது செய்து பாருங்கள். விஷயம் இவ்வளவுதான்: பூனையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தோ முன்பக்கத்தைத் தாங்கி நிற்க வைத்தோ, பையை இரண்டு பக்கமும் விரல்களின் தட்டையான பகுதியால் அணைத்து, ஒரே சீராக, வாலை நோக்கி அழுத்த வேண்டும். நறுக்கென்று பிழியக்கூடாது. முதலில் ஒன்றும் வராது, நாலைந்து விநாடி அதே அழுத்தத்தில் காத்திருந்தால் தாரை வரும். பை தளர்ந்து காலியானது கையில் தெரியும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று வேளை, ராத்திரியும் உட்பட. எவ்வளவு அழுத்தினாலும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தண்டுவடத்தின் மேல்பகுதி அடிபட்டிருந்தால் மூத்திரவாய் இறுகிக்கொள்ளும், அதைத் தளர்த்த மருந்து இருக்கிறது. மூத்திரம் கலங்கலாகவோ, நாற்றமாகவோ, ரத்தம் கலந்தோ வந்தால் அன்றே சோதனைக்குக் கொடுங்கள். என் இரண்டாவது பூனைக்கு இதை மூன்று வாரம் செய்தேன். முதல் நாலு நாள் எனக்குக் கை நடுங்கியது, அவள் கடித்தாள். பத்தாம் நாள் அவளே வந்து டவல் மேல் படுத்துக்கொள்வாள்.

மலம் இரண்டு நாளாக வரவில்லை என்றால் டாக்டரிடம் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். கடையில் கிடைக்கும் எனிமாவை உங்களாக வைக்காதீர்கள், பாஸ்பேட் கலந்த எனிமா பூனைக்கு விஷம்.

தோலைப் பற்றி: மூத்திரத்தில் ஊறினால் இரண்டே நாளில் உரிந்துவிடும். பின்பக்க முடியைக் கத்தரித்துவிடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து முழுக்க ஈரம் போகத் துவட்டுங்கள். மெத்தென்ற படுக்கைக்கு மேல் ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. தரையில் இழுத்துக்கொண்டே போனால் பாதத்தின் மேல்பக்கம் தேய்ந்து புண்ணாகும், அதனால் ஒரு சின்ன அறையோ கூண்டோ, வழுக்காத விரிப்பு போட்டு. உணர்வு திரும்பும்போது குறுகுறுப்பு தாங்காமல் சில பூனைகள் தன் விரலையே கடித்துக்கொள்ளும், அப்போது கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். ரத்தக்கட்டி வந்த பூனைக்கு விரல்களைத் தினமும் பாருங்கள், முதல் ஒன்றிரண்டு வாரத்தில் தோல் கறுத்து உரியலாம், அங்கே நக்க விடாமல் உடனே காட்டுங்கள்.

சாப்பாட்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், முக்கியமாகக் குண்டுப் பூனை, கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். கிண்ணத்தை முகத்தருகே கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், வாசனை வர வெதுவெதுப்பாக்குங்கள். தண்ணீரும் மலஜலத்துக்கான மணல் ட்ரேயும் இரண்டடி தூரத்துக்குள் இருக்கட்டும், ட்ரேயின் ஒரு பக்கச் சுவரை வெட்டித் தாழ்த்துங்கள்.

கால்களை மடக்கி நீட்டும் பயிற்சி நரம்புப் பிரச்சினைக்கு நல்லது, டாக்டர் சரி என்ற பிறகு நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொரு மூட்டையும் பத்துத் தடவை, வலிக்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி. ரத்தக்கட்டிக்கு முதல் நாட்களில் இது வேண்டாம். டவலை அடிவயிற்றுக்குக் கீழே ஊஞ்சல்போலக் கொடுத்து நடக்க வைப்பது அடுத்த கட்டம். சக்கர வண்டி நாய்களுக்குப் பிடிப்பதுபோல் பூனைகளுக்குப் பிடிப்பதில்லை, அதில் பணத்தைப் போடுவதற்கு முன் யாரிடமாவது வாங்கிப் பாருங்கள்.

இதயநோய் உள்ள பூனை என்றால், அது நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ணி எழுதுங்கள். மார்பு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு தடவை எண்ணியும் 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டு ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. கால் போய்விட்டது என்பது மட்டுமே கருணைக்கொலைக்குக் காரணம் ஆகாது. என் இரண்டாவது பூனைக்கு 14 வயதில் தண்டுவடக் குழாய் அடைத்தது, பாதம் கடைசிவரை சூடாகவே இருந்தது, பதினாறாம் நாள் இடது காலை ஊன்றினாள், வலது பாதம் மடங்கியபடியே இருந்தது, அப்படியே மூன்று வருடம் இருந்தாள். ஆனால் இரண்டு காலும் சில்லிட்டு, உடம்பும் குளிர்ந்து, மூச்சும் வாங்கி, வலுவான ஊசிக்குப் பிறகும் கதறுகிற பூனையை இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று வைத்திருப்பது அதற்காக அல்ல, நமக்காக. அந்த நிலையில் ஊசி போட்டு அனுப்பி வைப்பதைக் கைவிடுவதாக நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், வலி மருந்தால் அடங்குகிறது, சாப்பிடுகிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால், டாக்டரோடு பேசி 72 மணி நேரம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கால் கொஞ்சமாவது சூடாகிறதா, வால் அசைகிறதா, விரலை அழுத்தினால் திரும்பிப் பார்க்கிறதா என்று நேரம் போட்டு எழுதுங்கள்.

இப்போது போய்ப் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடா குளிரா, கடைசியாக எப்போது மூத்திரம் போனது, இரண்டையும் எழுதுங்கள். இன்று ராத்திரி நான் விழித்துத்தான் இருப்பேன்.